கண்டிப்புக்கும் வதைக்கும் நடுவே உள்ள கோடு: முதுநிலை மருத்துவ மாணவர் ஒருவரின் அக்காவுக்குப் பதில்

குடியாத்தம் அருகே அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் ஒரு சகோதரி தம் தம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தறி வேலை பார்த்த தந்தையின் வருமானத்தில் படித்து, குடும்பத்தின் முதல் மருத்துவரான அந்தத் தம்பி இப்போது வேறொரு மாவட்டத்தில் பொது மருத்துவத்தில் எம்.டி. முதலாண்டு படிக்கிறார். சேர்ந்த சில மாதங்களிலேயே மெலிந்துபோனார். வீட்டுக்குப் போன் செய்வதைக் குறைத்துவிட்டார். காலையில் தொடங்கும் டியூட்டி மறுநாள் இரவு வரை நீள்கிறது. ரவுண்ட்ஸில் நோயாளிகள் முன்னிலையில் கேஸ் ஷீட் முகத்தில் எறியப்படுகிறது; "உனக்கெல்லாம் யார் சீட் கொடுத்தது" என்பது அன்றாடப் பேச்சாக இருக்கிறது; மூத்த மாணவர்களுக்குச் சாப்பாடு வாங்கி வருவதும் அவர்களுடைய லாக் புத்தகத்தை, அதாவது பயிற்சிப் பதிவேட்டை, எழுதிக் கொடுப்பதும் இவர் தலையில் விழுகின்றன. பெரியப்பாவோ, "பொறுத்தார் பூமி ஆள்வார், டாக்டர் படிப்பென்றால் சும்மாவா" என்கிறார். சென்ற வாரம் தம்பி, "எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது" என்று சொன்னாராம். இதெல்லாம் பயிற்சியின் பகுதிதானா, சட்டத்தில் வழி உண்டா, புகார் கொடுத்தால் ஆய்வேட்டிலும் தேர்விலும் கை வைத்துவிடுவார்களா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, கடைசியாக நீங்கள் எழுதிய அந்த ஒரு வாக்கியத்துக்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். அதைக் களைப்பில் வந்த பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். இன்றே தம்பியிடம், "சாகலாம் என்று தோன்றுகிறதா" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்வதற்கு ஓர் ஆள் கிடைத்த ஆறுதல்தான் பெரும்பாலும் வரும். மருத்துவர்களுக்கு மருந்துகளைப் பற்றிய அறிவும் இருக்கிறது, மருந்துகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்பதால் இதில் காத்திருந்து பார்ப்பது கூடாது. வீட்டில் யாராவது ஒருவர் போய் அவருடன் தங்குங்கள், அல்லது சில நாள் விடுப்பில் அழைத்து வாருங்கள். அவர் படிக்கும் கல்லூரிக்கு வெளியே உள்ள மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். துறைக்குச் செய்தி போய்விடுமோ என்ற அச்சமின்றி அங்கே மனம் திறந்து பேசுவார். குடியாத்தத்திலிருந்து வேலூர் பாகாயம் மனநல மையம் தொலைவில் இல்லை. நள்ளிரவில் தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணிலும், 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். விடுப்பு கேட்க அவர் தயங்குவார். தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வெளியிட்ட முதுநிலைக் கல்வி விதிகள், ஆண்டுக்கு 20 நாள் ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பை அவருக்குத் தந்திருக்கின்றன. யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்க வேண்டிய சலுகையாக அதை அவர் நினைக்க வேண்டியதில்லை.

இனி மற்றவை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவம் கற்பித்து ஓய்வுபெற்று இப்போது காட்பாடியில் வசிக்கிறேன். முதுநிலை மாணவர்களுக்கு வழிகாட்டியாகவும் தேர்வாளராகவும் இருந்திருக்கிறேன். நம் வேலூர் மருத்துவக் கல்வியோடு நூறாண்டுக்கு மேல் பழகிய ஊர். 1918-இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1947-இல் அங்கே ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 2005-இல் அடுக்கம்பாறையில் அரசுக் கல்லூரி வந்தது. டாக்டர் படிப்பு கடினமானது என்ற பேச்சு இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. கடினம் என்பதும் கொடுமை என்பதும் அந்தப் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்டன. உங்கள் பெரியப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனாலும் அவர் சொல்வது தவறு.

கண்டிப்பு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். பொட்டாசியம் ஊசியின் அளவைத் தவறாக எழுதிய மாணவரிடம் ஓர் ஆசிரியர் குரலை உயர்த்தினால் அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். பிழையை அந்த இடத்திலேயே நிறுத்தி, ஏன் பிழை என்று சொல்லி, மறுமுறை சரியாகச் செய்ய வைத்து, செய்ததும் அதை ஒப்புக்கொள்வதுதான் கண்டிப்பு. அங்கே பேச்சு முழுவதும் நோயாளியைப் பற்றியதாக இருக்கும். மாணவரின் பிறப்பு, ஊர், உடல், ஆங்கில உச்சரிப்பு, தந்தையின் தொழில், நுழைவுத் தேர்வில் எடுத்த மதிப்பெண் ஆகியவை பேச்சில் வந்த அந்தக் கணமே அது கண்டிப்பு என்ற பெயரை இழந்துவிடுகிறது. கேஸ் ஷீட்டை எறிவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து படுத்திருக்கும் ஒரு மூதாட்டியின் கட்டிலருகே அது விழுகிறது. ஈசிஜி தாள்களும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் சிதறுகின்றன. இளம் மருத்துவர் குனிந்து பொறுக்குகிறார். அந்த மூதாட்டியும் டிரிப்ஸ் ஏறும் கையோடு எழுந்து பொறுக்க முயல்கிறார். அன்று மாலை அதே மருத்துவர் வந்து, "பாட்டி, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும்" என்று சொன்னால், "பெரிய டாக்டர் வரட்டும் தம்பி" என்றுதான் அவர் சொல்வார். மாணவரை அவமதித்தவர் நோயாளியின் நம்பிக்கையையும் சேர்த்தே உடைத்துவிட்டார்.

இந்த விஷயத்தில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது இதுதான்: மாணவரை வதைப்பதன் விலையைக் கடைசியில் நோயாளியே கொடுக்கிறார். நம் பகுதியில் எவருக்கும் புரியும் ஒரு சூழ்நிலையைச் சொல்கிறேன். ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, ஜவ்வாது மலையடிவாரம் போன்ற இடங்களிலிருந்து கண்ணாடி விரியன் கடித்து வருபவர்கள் இரவில்தான் அதிகம் வந்து சேர்வார்கள். காஷுவாலிட்டியில் முதலாண்டு மாணவர் தனியாக இருக்கிறார். சிரையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சோப்பு படாத, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். உறையாவிட்டால் விஷம் ரத்தத்தைப் பாதித்திருக்கிறது என்று பொருள், விஷமுறிவு மருந்து 10 குப்பி கொடுக்க வேண்டும்; 6 மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்து, அப்போதும் உறையாவிட்டால் அடுத்த தவணை. எழுத்தில் எளிமையாகத்தான் இருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு அந்தக் குழாயைச் சாய்க்கும்போது பாதி உறைந்தது போலவும் பாதி ஓடுவது போலவும் இருக்கும்; குழாய் சரியாகக் கழுவி உலர்ந்ததுதானா என்ற ஐயமும் வரும்; சிறுநீரின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். அனுபவமுள்ள ஒருவர் ஒரு பார்வை பார்த்தால் தீர்ந்துபோகிற ஐயம் அது. முந்தின இரவு இதேபோல் போன் செய்ததற்கு, "இதுகூடத் தெரியாதா, தூங்க விடமாட்டாயா" என்று கெட்ட வார்த்தையில் திட்டு வாங்கிய மாணவர் இன்றிரவு போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். காலை வரை பார்க்கலாம் என்று நினைப்பார். அந்த ஐந்து மணி நேரத்தில் ஒருவருடைய சிறுநீரகம் போய்விடலாம்.

இது ஊகம் அல்ல. இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் 24 குழுக்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2015-இல் வெளியிட்டார்கள். மாதிரிக் குழந்தை ஒன்றுக்குச் சிகிச்சை செய்யச் சொல்லி, சில குழுக்களிடம் மட்டும் வெளியாள் ஒருவரை இழிவாகப் பேச வைத்தார்கள். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் செயல்முறைகளைச் செய்வதிலும் தெளிவாகப் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் அவர்களிடையே குறைந்தன. அங்கே நடந்தது மிதமான இகழ்ச்சிதான். நம் வார்டுகளில் காதில் விழுவது அதைவிடப் பலமடங்கு கடுமையானது, அதுவும் நாள்தோறும்.

அப்படியிருந்தும் இது ஏன் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது? "நாங்களும் இப்படித்தான் பட்டோம்" என்ற பேச்சை முதற்காரணமாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதைவிட ஆழமான காரணம் அதிகாரத்தின் அமைப்பில் இருக்கிறது. ஒரு முதுநிலை மாணவருக்குப் பாடம் சொல்பவர், டியூட்டி பட்டியல் போடுபவர், வருகைப் பதிவில் கையெழுத்திடுபவர், லாக் புத்தகத்தைச் சரிபார்ப்பவர், ஆய்வேட்டை அங்கீகரிப்பவர், தேர்வில் உள் தேர்வாளராக உட்காருபவர், புகார் வந்தால் துறையின் சார்பில் விளக்கம் தருபவர் ஆகிய அனைவரும் பெரும்பாலும் ஒரே துறையின் ஒன்றிரண்டு பேர்தான். வேறெந்தப் படிப்பிலும் ஒரு மாணவரின் நாளும் இரவும் எதிர்காலமும் இவ்வளவு குறைந்த கைகளில் அடங்கியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கை நல்ல கையாக இருந்தால் மாணவர் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைப்பார். அப்படிப்பட்ட ஆசிரியர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னை ஆளாக்கியவர்கள் அவர்களே. கை கெட்டதாக இருந்தால் மாணவருக்குப் போக்கிடம் இல்லை. படிப்பை விட்டு விலகினால் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்ற பயம் வேறு. 2024 தொடக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையமே, விலகுவோர்மீது சுமத்தப்படும் இந்தத் தண்டத்தைக் கைவிடுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

வேலைப்பளுவையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முதுநிலை மாணவர்கள் இல்லாவிட்டால் நம் பெரிய மருத்துவமனைகளில் இரவு வார்டு நடக்காது. ரத்தம் எடுப்பது, அதைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு போவது, ஸ்கேனுக்கு நேரம் வாங்குவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது என்று நான்கு பேர் வேலையை ஒருவர் செய்யும்போது, அந்த நெருக்கடி மேலிருந்து கீழே வசையாக இறங்குகிறது. 1992-லேயே மத்திய சுகாதார அமைச்சகம், முதுநிலை மாணவர்களும் அடங்கிய உறைவிட மருத்துவர்களின் தொடர்பணி சாதாரணமாக 12 மணி நேரத்தையும், வாரப் பணி 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று வகுத்தது. ஏட்டோடு நின்றுபோனது அது. 2023 விதிகள் எண்ணிக்கை எதுவும் சொல்லாமல் "நியாயமான பணிநேரம், நியாயமான ஓய்வு" என்று சொல்லி விட்டுவிட்டன. இதில் எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு, ஏனென்றால் எது நியாயம் என்பதைப் பட்டியல் போடுபவரே முடிவு செய்கிறார். 2024-இல் ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு, நாளுக்கு 7 முதல் 8 மணி நேர உறக்கம் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவின் இணையவழிக் கணக்கெடுப்பில் பதிலளித்த 5,337 முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தம்பி தனியாள் இல்லை என்பதை இந்தக் கணக்கோடு அவரிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1984-இல் லிபி சையன் என்ற 18 வயதுப் பெண், பல நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த களைத்த பயிற்சி மருத்துவர்களின் கண்காணிப்பில் இறந்துபோனார். அவருடைய தந்தை விடாமல் போராடியதால் 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. நம் நாட்டில் அத்தகைய வலுவான வரம்பு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் 36 மணி நேர டியூட்டியின் நடுவே கருத்தரங்கக் கூடத்தில் படுத்திருந்த முதுநிலை மாணவி கொலையுண்டபோதுதான், அவர்களுக்கு ஓய்வறைகூட இல்லை என்பதை நாடு திரும்பிப் பார்த்தது.

வசையையும் தூக்கமின்மையையும் வெளியிலிருந்து பார்ப்பவர்களும் புரிந்துகொள்வார்கள். வெளியே தெரியாத இன்னொரு வதை உண்டு. மருத்துவ அறத்தின் நோக்கில் அதுவே எல்லாவற்றிலும் கொடியது என்று நினைக்கிறேன். மாணவரைப் பொய் எழுத வைப்பது அது. இரவில் அளக்கப்படாத ரத்த அழுத்தத்தைக் காலையில் அளந்ததாக நிரப்பச் சொல்வார்கள். மூத்தவர் வந்து பார்க்காத நோயாளியைப் பார்த்ததாகக் குறிப்பெழுதச் சொல்வார்கள். ஆய்வேட்டுக்கு ஆள் குறைந்தால் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வார்கள். கட்டுரையில் பங்கில்லாதவர் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். மயக்கத்தில் இருக்கும் பெண் நோயாளியை, அவரிடம் முன்கூட்டிச் சம்மதம் கேட்காமலேயே, கற்றுக்கொள்வதற்காக உள்பரிசோதனை செய்யச் சொன்னால் மாணவர் என்ன செய்வார்? மறுத்தால் பகை, செய்தால் மனச்சாட்சி அரிக்கும். 2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் முதல் அறம், அணுகுமுறை, உரையாடல் ஆகியவற்றுக்கென ஏட்காம் என்ற தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள். வகுப்பறையில் அதைப் படித்துவிட்டு வார்டுக்கு வரும் மாணவர், அங்கே நடப்பது வேறாக இருந்தால் வார்டில் கண்டதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்வார். தம்பியிடம் இந்த ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கச் சொல்லுங்கள். திட்டைத் தாங்குவதா எதிர்ப்பதா என்பதை நிலைமை பார்த்து முடிவு செய்யலாம். செய்யாததைச் செய்ததாகக் கையெழுத்திட்டால், நாளை வழக்கு என்று வரும்போது அந்தத் தாளில் இருப்பது அவருடைய பெயராகத்தான் இருக்கும்.

"யார் சீட் கொடுத்தது" என்ற பேச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாதியை நேராகச் சொல்லாமல் சாதியைக் கேட்கும் பேச்சு அது. 2019 மே மாதம் மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடிச் சமூகத்து முதுநிலை மாணவி, மூத்த மாணவிகள் மூவரின் தொடர்ந்த சாதிய இழிவுபடுத்தலால் உயிரை மாய்த்துக்கொண்டதாக வழக்குப் பதிவானது. அதற்கு முன்பே அவருடைய குடும்பத்தார் புகார் சொல்லியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபின், தமிழ்வழியில் படித்த பல பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளுக்கு வந்திருக்கிறார்கள். கே.வி.குப்பத்துக் கூலித் தொழிலாளியிடம் நோயின் வரலாற்றை அவர்களைப்போல் கேட்டு வாங்க மற்றவர்களால் முடியாது. அந்தத் திறமையை மதிப்பெண்ணாக்காமல் ஆங்கிலத் தடுமாற்றத்தைக் கேலியாக்குவது ஆசிரியத் தொழிலுக்கே இழுக்கு. இவ்வகைப் பேச்சு பட்டியல் சமூகத்தவர் அல்லது பழங்குடியினர் மீது பொதுவெளியில் சொல்லப்பட்டால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2016 திருத்தத்தின்மூலம் சாதி, மதம், நிறம், பாலினம், ஊர் ஆகியவற்றின் பெயரால் செய்யும் இழிவை ராகிங் என்றே வரையறுத்திருக்கிறது.

சட்டத்துக்கு வருகிறேன். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ முதலாண்டு மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டதை நம் தலைமுறை மறக்கவில்லை. அதன் விளைவாகவே 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம் என்று அது சொல்கிறது. உடல் காயம் மட்டுமின்றி அச்சம், வெட்கம், மனவேதனை உண்டாக்குவதும், ஒரு மாணவர் சாதாரணமாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் அதன் வரையறைக்குள் அடங்கும். புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைவரே குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார் என்ற பிரிவும் அதில் உண்டு. இதைப் பலர் அறிவதில்லை. 2009-இல் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் அடிபட்டு இறந்தபின் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் வந்தன; 2021-இல் தேசிய மருத்துவ ஆணையம் தனி விதிகளை வெளியிட்டது. இத்தனைக்குப் பிறகும் 2022-இல் நம் வேலூரிலேயே மருத்துவக் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர்கள் இழிவுபடுத்தப்பட்ட காணொளி வெளியானது. மூத்த மாணவர்கள் ஏழு பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். விதி இருப்பதாலேயே வதை நின்றுவிடாது. அதே சமயம் காணொளி என்ற சான்று இருந்ததால் நடவடிக்கை விரைந்து வந்தது என்பதையும் கவனியுங்கள்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் மூத்த மாணவர் இளையவரைத் துன்புறுத்துவதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பேராசிரியர் துன்புறுத்தினால் என்ன செய்வது என்பதில்தான் ஓட்டை. ஆண்டுதோறும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தருகிறார்கள். ஆசிரியரிடம் அப்படி எதையும் யாரும் கேட்பதில்லை. உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனிவா உறுதிமொழி 1948-இல் ஆசிரியருக்கு மரியாதையும் நன்றியும் செலுத்தச் சொல்லி நின்றது. 2017 திருத்தத்தில்தான் சக மருத்துவர்களையும் மாணவர்களையும் அந்த மரியாதைக்கு உரியவர்களாகச் சேர்த்தார்கள். அறத்தில் வந்த அந்த மாற்றம் நம் கல்லூரிகளின் நிர்வாக விதிகளில் இன்னும் வரவில்லை. துறைக்கு வெளியே உள்ள ஒருவர் தலைமையில் ஆசிரியர்மீதான புகாரை விசாரிக்கும் குழு, டியூட்டி பட்டியலைத் துறைத் தலைவர் மட்டுமின்றி டீன் அலுவலகமும் பார்க்கும் ஏற்பாடு, ஆய்வேட்டு வழிகாட்டியை மாணவர் காரணம் சொல்லாமலேயே ஒருமுறை மாற்றிக்கொள்ளும் உரிமை ஆகிய மூன்றும் வந்தால் பாதித் துன்பம் குறையும் என்பது என் உறுதியான கருத்து. இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

உங்கள் தம்பி இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ஒரு நோட்டு. நாள், நேரம், இடம், யார், சொன்ன சொல் அப்படியே, அருகில் யார் இருந்தார்கள் என்று அன்றன்றே எழுதட்டும். "மிகவும் கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் பயனில்லை, பேசியதை அப்படியே எழுத வேண்டும். டியூட்டி பட்டியலைப் படம் எடுத்து வைக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் வரும் வசைகளையும் வேலை ஏவல்களையும் அழிக்காமல் வேறோர் இடத்தில் சேமிக்கட்டும். நோயாளியின் முகமோ கேஸ் ஷீட்டோ எந்தப் படத்திலும் வரக் கூடாது. வந்தால் புகார் அவர்மீதே திரும்பும். அடுத்து, தனியாகப் போகாமல், அதே யூனிட்டின் மற்ற முதலாண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள முயலட்டும். மூன்று கையெழுத்துள்ள மனுவை எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மூத்த மாணவர்கள்மீதான புகாரை டீனிடமும் ராகிங் தடுப்புக் குழுவிடமும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்க வேண்டும். 1800-180-5522 என்ற ராகிங் தடுப்புத் தேசிய உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. பெயரை மறைத்து வைக்கச் சொல்லியும் அங்கே புகார் பதியலாம். பேராசிரியர்மீதான புகாரை அதோடு கலக்காமல் தனி மனுவாக டீனுக்கும், நகலாகச் சென்னையிலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கும் அனுப்புவது நல்லது. அதில் உணர்ச்சியைக் குறைத்து நிகழ்ச்சிகளை மட்டும் எழுதட்டும். நோயாளி சேவைக்கு ஏற்படும் பாதிப்பை முதலில் வைக்கட்டும், ஏனென்றால் நிர்வாகம் அதற்குத்தான் உடனே காது கொடுக்கும். பாலியல் தொந்தரவு என்றால் வழி வேறு: பெண் மாணவர்கள் 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டப்படி அமைக்கப்பட்ட கல்லூரியின் உள்குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியாத நிலையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சமூகத்தவருக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்ட உதவி இலவசம்.

கடைசியாக, உங்களை உறங்கவிடாத அந்த அச்சம். புகார் கொடுத்தால் தேர்வில் பழிவாங்குவார்களா? அச்சம் முழுக்க வீண் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் மாணவர்கள் நினைக்கும் அளவுக்குத் துறைத் தலைவரின் கை நீளாது. எழுத்துத் தேர்வு விடைத்தாளைத் திருத்துவது பல்கலைக்கழகம். செய்முறைத் தேர்வுக்குக் குறைந்தது நான்கு தேர்வாளர்கள், அவர்களில் பாதிப்பேர் வெளியிலிருந்து வருபவர்கள். நான் வெளித் தேர்வாளராகப் போன இடங்களில், "இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இருவிதப் பொருளிலும் காதில் சொல்லப்பட்டதுண்டு. நோயாளியை நன்றாகப் பரிசோதித்துத் தெளிவாகப் பேசும் மாணவரை வெளியாள் முன்னிலையில் வீழ்த்துவது எளிதன்று. உண்மையான ஆபத்து ஆய்வேட்டில் இருக்கிறது. தேர்வுக்கு ஆறு மாதம் முன்பு அதைச் சமர்ப்பிக்க வேண்டும், வழிகாட்டி கையெழுத்தை இழுத்தடித்தால் தேர்வே தள்ளிப்போகும். ஆகவே ஆய்வேடு தொடர்பான ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும், "இன்று இந்தப் பகுதியைக் காட்டினேன், இன்ன திருத்தம் சொன்னீர்கள்" என்று வழிகாட்டிக்குப் பணிவான ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைக்கட்டும். பின்னால் தாமதம் யாருடையது என்ற கேள்வி வந்தால் அதுவே சான்று. உறவு முற்றிலும் கெட்டுப்போனால், முதலாண்டிலேயே டீன் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வழிகாட்டியை மாற்றக் கோரலாம். பணிமாறுதலிலோ ஓய்விலோ வழிகாட்டி போகும்போது மாற்றித் தரும் அதே வழிமுறைதான். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு மாற்றினால் ஆய்வைப் புதிதாகத் தொடங்க வேண்டிவரலாம் என்பதால், விடுப்பில் வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று இரவு நன்றாகத் தூங்கி எழுந்தபின் அவர் யோசிக்க வேண்டிய முதல் விஷயமாக இதை வையுங்கள். படிப்பையே விட்டுவிடுவதா என்பதை அந்தத் தூக்கத்துக்கு முன்னால் பேச வேண்டாம்.